ஷட் டவுன் கொடுத்த பிறகு: கருவிகள் எந்த வரிசையில், எப்படி அணைகின்றன?

ஷட் டவுன் கொடுத்துத் திரை கறுத்ததும் மேசைக் கணினியின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். லேன் கேபிள் செருகிய இடத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கலாம். பெட்டியைத் திறந்தால் மதர்போர்டில் சின்ன எல்இடி ஒன்று எரியும். சில கணினிகளில் மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம்கூட அணையாது. கணினி ‘ஆஃப்’தான், ஆனால் உள்ளே கரண்ட் இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் எனும் மின்வழங்கிப் பெட்டியிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிளில் ஊதாக் கம்பி ஒன்று உண்டு. சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை அதில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். அதே கேபிளில் உள்ள பச்சைக் கம்பியை மதர்போர்டு பூஜ்ய வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்தால் 12, 5, 3.3 வோல்ட் வரிகள் எல்லாம் உயிர்பெறும். பிடியை விட்டால் அவை அணையும். இயங்குதளம் ஷட் டவுன் செய்யும்போது அதன் ஆகக் கடைசி வேலை, மதர்போர்டை அந்தப் பச்சைக் கம்பியை விடச் செய்வதுதான்.

1995இல் ஏடிஎக்ஸ் வடிவமைப்பு வரும்வரை இந்த ஏற்பாடு மேசைக் கணினிகளில் பரவலாக இல்லை. பழைய ஏடி பெட்டிகளில் முன்பக்க சுவிட்ச் நேராக மெயின் கரண்டையே வெட்டும். அதனால்தான் விண்டோஸ் 95 தன் வேலையை முடித்துவிட்டு, ‘இப்போது கணினியை அணைக்கலாம்’ என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ தரநிலை, இயங்குதளமே மின்சாரத்தை அணைப்பதற்கான பொதுவான வழியை வகுத்தது. அந்தத் தரநிலையின் பேச்சில், நாம் ‘ஆஃப்’ என்று சொல்வது எஸ்5, அதாவது மென்பொருள் வழியாக அணைத்த நிலை. பிளக்கைப் பிடுங்கினால் வருவது ஜி3. லேன் விளக்கு எரிவதும் எரியாததும் இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்.

பச்சைக் கம்பியை விடுவது ஒரு கண்ணிமைப்பில் முடிகிற வேலை. அதற்கு முந்தைய சில நொடிகளில் நடப்பதுதான் ஷட் டவுன். அந்த நொடிகளில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, கருவியை அமைதிப்படுத்துவது: புது வேலை வாங்காமல், நினைவகத்தில் எழுதாமல், சிபியுவைக் கூப்பிடும் குறுக்கீடு (இன்டரப்ட்) அனுப்பாமல் நிறுத்துவது. இன்னொன்று, அதன் மின்நிலையை இறக்குவது: முழு இயக்கமான டி0விலிருந்து அணைந்த நிலையான டி3க்குக் கொண்டுபோவது. ஏசிபிஐ ஆவணமும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸை எழுதுபவர்களும் இரண்டும் நடக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். லினக்ஸ் நெடுங்காலமாக முதலாவதை மட்டும் கட்டாயமாக வைத்திருக்கிறது. இந்த இடைவெளியில்தான் ‘அணைத்தால் தானே ஆன் ஆகிறது’, ‘அணைத்து வைத்த லேப்டாப்பில் சார்ஜ் இறங்குகிறது’ போன்ற தொல்லைகள் புகுந்துகொள்கின்றன.

கர்னலுக்குள் நடப்பது

லினக்ஸில் முதலில், சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரலான சிஸ்டம்டி எல்லாச் சேவைகளுக்கும் முடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு சமிக்ஞை அனுப்பும். சிஸ்டம்டியின் மூல நிரலில் சேவைகளுக்கு உள்ள இயல்பான அவகாசம் 90 நொடி. ‘ஸ்டாப் ஜாப்’ என்று ஒரு வரி திரையில் ஓடிக்கொண்டு 1 நிமிடம் 30 நொடி என்று எண்ணுவது இந்த அவகாசம்தான். கேட்காதவற்றைக் கட்டாயமாகக் கொன்றுவிட்டு, கோப்பு முறைமைகளைக் கழற்றிவிட்டு, கடைசியில் இயங்குதளத்தின் மையமான கர்னலை ஒரு சிஸ்டம் கால் மூலம் அழைக்கும். தவறுதலாக யாரும் இதைக் கூப்பிட்டுவிடக் கூடாதென்று அந்த அழைப்புக்கு இரண்டு மந்திர எண்கள் கேட்பார்கள். முதல் எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் ‘ஃபீல் டெட்’ என்று வாசிக்கலாம். இரண்டாவது எண் 672274793. அதைப் பதினாறடிமானத்துக்கு மாற்றினால் 28121969 கிடைக்கும்: லினஸ் டோர்வால்ட்ஸ் பிறந்த நாள்.

இதுவரை நடந்தது பயனர் பக்கத்து வேலை. கருவிகளின் கதை இதற்கப்புறம்தான் தொடங்குகிறது. கர்னல் முதலில், ‘அணைக்கப் போகிறோம்’ என்ற அறிவிப்பை முன்கூட்டிப் பெயர் கொடுத்து வைத்த பகுதிகளுக்கெல்லாம் சொல்லும். பயனர் பக்க உதவி நிரல்களை இனி அழைக்க முடியாதபடி கதவடைக்கும். புதிதாக எந்த டிரைவரும் (கருவியை இயக்கும் நிரல்) எந்தக் கருவியோடும் இணையாதபடி தடுக்கும், ஏனென்றால் அணைக்கும் நடுவில் ஒரு யூஎஸ்பி குச்சி புதிதாக வந்து ஒட்டிக்கொண்டால் வரிசை கலைந்துவிடும். பிறகு கருவிகளின் பட்டியலைக் கடைசியிலிருந்து முதலுக்கு நடக்கும்.

ஏன் தலைகீழ்? பட்டியலில் தாய் முன்னால், பிள்ளை பின்னால் இருக்கும். பிசிஐ பாலம் முன்னால், அதில் தொங்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர் அடுத்து, அதில் செருகிய டிஸ்க் அதற்கடுத்து. தலைகீழாகப் போனால் டிஸ்க் முதலில் விடைபெறும், பாலம் கடைசியில். முன்பின் மாறி கன்ட்ரோலர் முதலில் நின்றுவிட்டால், டிஸ்க்குக்கு ‘கேஷைக் காலி செய்’ (தற்காலிக நினைவில் உள்ளதை எழுதி முடி) என்று ஆணை அனுப்பவே வழி இருக்காது. அந்த ஆணை நேரம் முடியும்வரை காத்துக் கிடந்து தோற்கும். தாய் பிள்ளை உறவில்லாத சார்புகளும் உண்டு. ஏஆர்எம் போர்டுகளில் வோல்ட்டைச் சீராக்கித் தரும் ரெகுலேட்டர் சிப் ஒன்று, சிப்புகள் பேசிக்கொள்ளும் ஓர் ஐ2சி பஸ்ஸில் இருக்கும், அது வோல்ட் கொடுக்கும் கேமராவோ வேறொரு பஸ்ஸில் இருக்கும். இத்தகைய கொடுப்பவர், வாங்குபவர் உறவை ‘டிவைஸ் லிங்க்’ என்று தனியாகப் பதிந்துவைத்தால்தான் வரிசை சரியாக வரும். அதைப் பதிய மறந்த டிரைவர் ஆன் ஆகும்போது நன்றாகவே ஓடும், அணைக்கும்போதுதான் மாட்டிக்கொள்ளும். இந்த வகைப் பிழை சோதனையில் அகப்படாமல் நழுவுவதற்குக் காரணமும் அதுதான்: ஆன் ஆவதைச் சோதிப்பவர்கள் அதிகம், ஆஃப் ஆவதைச் சோதிப்பவர்கள் குறைவு.

ஒவ்வொரு கருவியின் முறை வரும்போதும் கர்னல் முதலில் அதன் ரன்டைம் மின்மேலாண்மையைப் பூட்டும். நடுவழியில் கருவி தானாகத் தூங்கப் போய்விடக் கூடாது. பிசிஐ கருவி ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தால், அதை முதலில் எழுப்பும். அணைப்பதற்காக எழுப்புவதா என்று தோன்றும். ஆனால் மின்சாரம் அறவே போன டி3 கோல்டு நிலையில் உள்ள கருவியின் ரெஜிஸ்டரை (கருவிக்குள் உள்ள சிறு பதிவிடம்) படித்தால் எல்லா பிட்டும் 1 என்றே வரும். அதை உண்மையான மதிப்பு என்று நம்பி டிரைவர் முடிவெடுத்தால் விபரீதம். எழுப்பி, பேசி, அமைதிப்படுத்துவதே சரியான முறை. இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில், பயன்பாட்டில் இல்லாத சிப் தூங்கிக்கொண்டிருந்தாலும் அணைக்கும்போது இப்படித் தட்டி எழுப்பப்படும். எழுந்திருக்க மறுக்கும் சிப் இருந்தால் ஷட் டவுன் அந்த இடத்தில் இழுத்துக்கொண்டு நிற்கும்.

எல்லாக் கருவிகளும் முடிந்தபின் கர்னல் ஒரே ஒரு சிபியுவுக்கு ஒதுங்கிக்கொள்ளும். ‘பவர் டவுன்’ என்று கடைசி வரியை எழுதும். ஏசிபிஐ கணினியாக இருந்தால், பயாஸ் தந்த ‘தூங்கத் தயாராகு’ என்ற நிரலை 5 என்ற எண்ணோடு ஓட்டி முடித்திருக்கும். பிறகு சிப்செட்டின் ஒரு கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் மூன்று பிட்டில் தூக்க வகையையும், அடுத்த ஒரு பிட்டில் ‘இப்போதே’ என்பதையும் எழுதும். பச்சைக் கம்பி விடுபடும். விசிறி நிற்கும்.

டிஸ்க்குகள்: அவசரம் கூடாத இடம்

இந்த வரிசையில் மற்ற எந்தக் கருவி தவறினாலும் தொல்லைதான். டிஸ்க் தவறினால் இழப்பு.

சாட்டா ஹார்டு டிஸ்க்குக்குக் கர்னல் இரண்டு ஆணைகள் தரும்: முதலில் கேஷில் உள்ளதைத் தட்டில் எழுது, அடுத்து தட்டை நிறுத்து. இரண்டாவது ஆணை வந்ததும் டிஸ்க் தன் ஹெட்டை நிதானமாக ஓரத்துச் சரிவில் ஏற்றி நிறுத்திக்கொள்ளும். அது வராமல் கரண்ட் போய்விட்டால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். காதுக்கே கேட்கும் அந்த ‘டக்’. டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 192ஆம் வரி பல டிஸ்க்குகளில் இந்த அவசர இழுப்பை எண்ணுகிறது. நிதானமான ஏற்ற இறக்கத்தை லட்சக்கணக்கில் தாங்கும் பொறியமைப்பு, அவசர இழுப்பைத் தாங்கும் எண்ணிக்கை அதைவிடப் பன்மடங்கு குறைவு. ரீஸ்டார்ட் செய்யும்போது லினக்ஸ் தட்டை நிறுத்துவதில்லை. கரண்ட் போகப் போவதில்லை என்பதால் நிறுத்தி மறுபடி சுழற்றுவது வீண் தேய்மானம். ரீஸ்டார்ட் வேறு, ஷட் டவுன் வேறு என்று டிரைவருக்குத் தெரியவேண்டிய இடங்களில் இது ஒன்று.

பிசிஐ வழியாக இணையும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் வழி வேறு. கன்ட்ரோலரின் ஓர் அமைப்பு ரெஜிஸ்டரில் இரண்டு பிட் இடம் இருக்கிறது. அங்கே 01 எழுதினால் ‘வழக்கமான ஷட் டவுன்’, 10 எழுதினால் ‘திடீர் ஷட் டவுன்’. எஸ்எஸ்டி தன் கேஷையும், எந்தத் தரவு எந்தச் செல்லில் இருக்கிறது என்ற வரைபடத்தையும் ஃபிளாஷில் பதிந்துவிட்டு, நிலை ரெஜிஸ்டரில் 10 என்று காட்டும். அதுதான் ‘முடித்துவிட்டேன்’. டிரைவர் அதற்காக இயல்பில் 5 நொடிவரை பொறுக்கும். எஸ்எஸ்டி தனக்கு இன்னும் அதிக நேரம் வேண்டுமென்று முன்பே அறிவித்திருந்தால் அதைக் கேட்டு 60 நொடிவரை பொறுக்கும். இந்தச் சடங்கு முடியாமல் கரண்ட் போனால், அடுத்தமுறை எஸ்எஸ்டி விழிக்கும்போது வரைபடத்தைச் சிதறிய குறிப்புகளிலிருந்து திரும்பக் கட்ட வேண்டும். ஆன் ஆனதும் சில நொடி டிஸ்க்கே தெரியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். சர்வர் வகை எஸ்எஸ்டிகளில் கரண்ட் போனாலும் பதிந்து முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் வரிசையாக இருக்கும். வீட்டு வகைகளில் பெரும்பாலும் இருக்காது.

உங்கள் கணினி இதைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். என்விஎம்இ கருவித்தொகுப்பிலோ ஸ்மார்ட் காட்டும் எந்தச் செயலியிலோ ‘பவர் சைக்கிள்ஸ்’, ‘அன்சேஃப் ஷட் டவுன்ஸ்’ என்ற இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மெனுவிலிருந்து முறையாக அணையுங்கள். ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்து மறுபடி பாருங்கள். முதல் எண் ஒன்று கூடியிருக்க வேண்டும், இரண்டாவது அப்படியே இருக்க வேண்டும். முறையாக அணைத்தும் இரண்டாவது எண் ஒவ்வொரு முறையும் ஏறுகிறது என்றால், எஸ்எஸ்டி முடித்துவிட்டேன் என்று சொல்லும் முன்பே யாரோ மின்சாரத்தை வெட்டுகிறார்கள். பயாஸைப் புதுப்பித்துப் பார்ப்பது முதல் படி, எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது அடுத்தது.

யூஎஸ்பி பெட்டிக்குள் போட்ட டிஸ்க் இந்தப் பாதுகாப்புக்குள் முழுதாக வராது. லினக்ஸ் இயல்பில் அதற்குத் ‘தட்டை நிறுத்து’ என்ற ஆணையை அனுப்புவதில்லை. நடுவில் உள்ள பிரிட்ஜ் சிப்பும் எல்லா ஆணைகளையும் உள்ளே கடத்தும் என்று நம்ப முடியாது. வெளி டிஸ்க்கை முதலில் ‘எஜெக்ட்’ செய்யுங்கள். லினக்ஸில் யூடிஸ்க்ஸ் கருவியின் ‘பவர் ஆஃப்’ கட்டளை கேஷைக் காலி செய்து, டிஸ்க்கையும் நிறுத்தச் சொல்லும். சுழலும் ஓசை அடங்கியபின் கணினியை அணையுங்கள்.

அணைத்தால் தானே எழும் கணினி

2013இல் இன்டெலின் ஹாஸ்வெல் கணினிகள் வந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. லினக்ஸில் ஷட் டவுன் செய்வார்கள், விசிறி நிற்கும், சில சமயம் யாரும் தொடாமலே கணினி மறுபடி ஆன் ஆகிவிடும். தேடிப் பார்த்ததில் லிங்க்ஸ் பாயின்ட் சிப்செட்டின் யூஎஸ்பி 3 கன்ட்ரோலர் அகப்பட்டது. லினக்ஸ் அந்தக் கன்ட்ரோலரை நிறுத்தியிருந்தது, ஆனால் டி0விலேயே விட்டிருந்தது. புதிய பயாஸோ, அணையும் முன் விழிப்புக் கருவிகள் அனைத்தையும் இயங்குதளம் டி3க்கு இறக்கிவிட்டு, நிலுவையில் உள்ள விழிப்புச் சமிக்ஞைகளையும் துடைத்துவிடும் என்று எதிர்பார்த்தது. துடைக்கப்படாமல் கிடந்த சமிக்ஞையை ‘யாரோ எழுப்புகிறார்கள்’ என்று வன்பொருள் எடுத்துக்கொண்டது. ஷட் டவுன் நேரத்தில் அந்தக் கன்ட்ரோலரை டி3 ஹாட் நிலைக்கு (கருவி அணைந்தும் மின்சாரம் அறுபடாத டி3) இறக்கும் வரியை லினக்ஸ் டிரைவரில் அந்தச் சிப்செட்டுக்கு மட்டும் விதிவிலக்காகச் சேர்த்தார்கள். தொல்லை தீர்ந்தது.

அமைதிப்படுத்துவது வேறு, மின்நிலையை இறக்குவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. விண்டோஸில் ஷட் டவுன் என்பதே மின்மேலாண்மைப் பாதையின் வழியாகத்தான் போகிறது: எஸ்5க்குப் போகிறோம் என்ற மின்கோரிக்கை ஒவ்வொரு டிரைவர் அடுக்குக்கும் இறங்கும், அதற்குப் பதிலாகக் கருவிகள் டி3க்குப் போகும். மேசைக் கணினி, லேப்டாப் பயாஸ்கள் பெரும்பாலும் விண்டோஸை வைத்தே சோதிக்கப்படுகின்றன. ஆகவே அவை டி3யை எதிர்பார்ப்பதில் வியப்பில்லை. லினக்ஸில் ஷட் டவுன் என்பது தூக்கம், ஹைபர்னேஷன் (நினைவகத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) ஆகியவற்றிலிருந்து தனியான பாதை. டிரைவரின் ‘ஷட் டவுன்’ செயற்கூறு (ஃபங்ஷன்) மட்டும் அழைக்கப்படும், மின்நிலையை இறக்குவது அந்த டிரைவரின் விருப்பம். பல டிரைவர்களில் அந்தச் செயற்கூறே கிடையாது.

லினக்ஸ் இப்படி வைத்திருப்பதற்கு நியாயம் இல்லாமலில்லை. கூடுதலாக ஓடும் ஒவ்வொரு வரியும் ஷட் டவுன் தொங்கிப்போக இன்னோர் இடம். தவிர, இதே பாதையைத்தான் ரீஸ்டார்ட்டும், ஒரு கர்னலிலிருந்து நேராக இன்னொரு கர்னலுக்குத் தாவும் ‘கேஎக்செக்’கும் பயன்படுத்துகின்றன. அங்கே மின்நிலையை இறக்குவது தேவையில்லை, அமைதிப்படுத்துவதுதான் உயிர்நாடி. நிறுத்தாமல் விட்ட நெட்வொர்க் கார்டு, வந்த பாக்கெட்டுகளைப் பழைய முகவரியில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த முகவரியில் இப்போது புதிய கர்னலின் நிரல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் கேஎக்செக் நேரத்தில் பிசிஐ அடுக்கு கருவிகளின் நினைவக நேரடி அணுகலைத் தானே பறித்துவிடுகிறது.

ஆனாலும், உண்மையாக அணைக்கும்போதாவது ஹைபர்னேஷனுக்கான ‘பவர் ஆஃப்’ செயற்கூறுகளை ஓட்டி, கருவிகளைக் கீழே இறக்க வேண்டும் என்று ஏஎம்டி பொறியாளர்கள் 2025இல் லினக்ஸ் கர்னலுக்கு மாற்றங்களை முன்வைத்தார்கள். அணைத்த நிலையில் மின்சாரம் வீணாவதும், சில கருவிகள் தப்பாக நடந்துகொள்வதும் அவர்கள் சொன்ன காரணங்கள். இது சரியான திசை என்பதே எங்கள் கருத்து. ஹாஸ்வெல்லுக்கு வைத்ததுபோல் சிப்புக்குச் சிப் விதிவிலக்கு எழுதிக்கொண்டு போவதற்கு முடிவே இல்லை.

டிரைவர் எழுதுபவர்கள் அடிக்கடி தவறவிடும் சிலவற்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஷட் டவுன் செயற்கூறில் நினைவகத்தை விடுவிக்க மெனக்கெட வேண்டாம், அது போகப் போகிற நினைவகம். டைமர்களையும் பின்னணி வேலைகளையும் முதலில் நிறுத்துங்கள், இல்லையென்றால் அணைந்த கருவியை அவை தட்டும். பயனர் ஒருமுறைகூடத் திறக்காத கருவிக்கும் இந்த அழைப்பு வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஃபர்ம்வேர் கோப்பைப் படிக்க முயலாதீர்கள், கோப்பு முறைமை ஏற்கெனவே கழற்றப்பட்டிருக்கலாம். ஐ2சி வழியாக மின்மேலாண்மைச் சிப்பை அணைக்கும் போர்டு என்றால், அந்தக் கடைசி ஆணை போகும் நேரத்தில் குறுக்கீடுகள் வேலை செய்யாது. குறுக்கீட்டை நம்பாத ‘அட்டாமிக்’ வகைப் பரிமாற்றத்தை அந்த ஐ2சி டிரைவர் தர வேண்டும். 2022இல் வந்த 5.19 கர்னலுக்கு முன், கணினியை அணைக்கும் செயற்கூறுக்கு ஒரே ஒரு பொதுச் சுட்டிதான் (பாயின்டர்) இருந்தது. இரண்டு டிரைவர்கள் அதற்குப் போட்டியிட்டால், எது எந்த வரிசையில் அந்தச் சுட்டியில் எழுதியது என்பதுதான் வெற்றியாளரைத் தீர்மானித்தது. இப்போது முன்னுரிமை எண்ணோடு பதிந்துகொள்ளும் முறை வந்திருக்கிறது. பழைய முறையில் எழுதிய போர்டு டிரைவரைப் பராமரிப்பவர்கள் மாறிக்கொள்வது நல்லது.

விண்டோஸின் அரைகுறை ஷட் டவுன்

விண்டோஸ் 8 முதல், மெனுவில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் பல கணினிகளில் நடப்பது முழு ஷட் டவுன் அல்ல. பயனர் அமர்வு மூடப்படும். கர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை ஹைபர்னேஷன் கோப்பில் எழுதப்படும். இதற்குப் பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அடுத்த நாள் டாஸ்க் மேனேஜரில் ‘அப் டைம்’ பல நாள் என்று காட்டினால் காரணம் இதுதான். டிரைவர்கள் புதிதாகத் தொடங்குவதில்லை, தூக்கத்திலிருந்து எழுகின்றன. ஆகவே வைஃபை கார்டு குழம்பிப்போனால் அணைத்து ஆன் செய்வதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பது பலன் தரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

ஒரே கணினியில் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் தொல்லை அல்ல, ஆபத்து. விண்டோஸ் தன் நினைவில் அந்த என்டிஎஃப்எஸ் பகுதியைத் திறந்து வைத்தபடியே உறங்கியிருக்கிறது. லினக்ஸில் அதில் எழுதினால், விண்டோஸ் எழுந்து தன் பழைய நினைவை அதன்மேல் எழுதும். லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் அனுமதித்தால் அது உங்களைக் காப்பாற்றுகிறது, கட்டாயப்படுத்தித் திறக்காதீர்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒருமுறை முழுதாக அணையும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள்.

வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்புவது) வேலை செய்யவில்லை என்ற புகாரும் பெரும்பாலும் இங்கே வந்து நிற்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் முறையில் அணைக்கும்போது விண்டோஸ் நெட்வொர்க் கார்டை விழிப்புக்குத் தயார் செய்வதில்லை. லினக்ஸில் எத்டூல் கருவியில் ‘வேக் ஆன்’ வரியில் ஜி என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டி என்றிருந்தால் அணைத்து வைத்திருக்கிறது. எழுப்பும் பாக்கெட்டின் உள்ளடக்கம் 102 பைட்: எல்லா பிட்டும் 1 ஆன 6 பைட், அடுத்து நெட்வொர்க் கார்டின் 6 பைட் மேக் முகவரி 16 முறை. இரண்டும் சரியாக இருந்தும் எழவில்லை என்றால் பயாஸில் இஆர்பி அல்லது ‘டீப் ஸ்லீப்’ என்ற அமைப்பைப் பாருங்கள். அணைத்த கருவி 0.5 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் விதித்த வரம்புக்காக வந்த அமைப்பு அது. போட்டால் நெட்வொர்க் கார்டுக்குப் போகும் காத்திருப்பு மின்சாரத்தையும் வெட்டிவிடும். வேக் ஆன் லேன் தேவையில்லாதவர்கள் அதைப் போட்டே வைக்கலாம். ஒரு வாட் ஓர் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட்.

ராஸ்பெர்ரி பையில்

பிசியில் பச்சைக் கம்பி செய்யும் வேலைக்கு ராஸ்பெர்ரி பையில் நேரான ஈடு நீண்ட காலம் இல்லை. அணைத்தாலும் 5 வோல்ட் உள்ளே வந்துகொண்டே இருக்கும், சிப் ஓட்டத்தை மட்டும் நிறுத்தும். பழைய மாடல்களில் பச்சை விளக்கு சீராகப் பத்து முறை மின்னிவிட்டு அணையும். அதுவரை எஸ்டி கார்டில் எழுத்து நடக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, அதற்கப்புறமே பிளக்கைப் பிடுங்க வேண்டும். பை 4, பை 5 ஆகியவற்றின் பூட்லோடர் அமைப்பில் ‘நிறுத்தும்போது மின்சாரத்தை அணை’ என்ற வரியை 1 ஆக்கினால் (பை 4இல் ‘ஜிபிஐஓ வழியாக எழு’ என்ற வரியை 0 ஆக்கவும் வேண்டும்), மின்மேலாண்மைச் சிப் தன் வெளியீடுகளை அணைத்துவிடும். இதைச் செய்யாத பை 5, அணைத்த நிலையிலும் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கும். ஒரே எச்சரிக்கை: மேலே செருகிய துணைப் போர்டு ஏதாவது இருந்தால், 3.3 வோல்ட் போய் 5 வோல்ட் மட்டும் நிற்கும் நிலையை அது தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாத் துணைப் போர்டுகளும் தாங்காது.

யூபிஎஸ்: வரிசையின் கடைசிக் கண்ணி

கரண்ட் போய், பேட்டரி தீரும் தறுவாயில் யூபிஎஸ் கணினியை அணையச் சொல்கிறது. கணினி அணையத் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்துவிடுகிறது. கணினி எஸ்5க்குப் போய்விட்டது, ஆனால் அதன் பார்வையில் கரண்ட் போகவே இல்லை. ‘கரண்ட் வந்ததும் ஆன் ஆகு’ என்று பயாஸில் வைத்திருந்தாலும் பயனில்லை, ஜி3க்குப் போய் வந்தால்தான் அந்த அமைப்பு வேலை செய்யும். ஆள் வந்து பட்டனை அழுத்தும்வரை சர்வர் கிடக்கும்.

இதற்கான தீர்வு, கணினி அணைந்தபின் யூபிஎஸ்ஸே தன் வெளியீட்டை வெட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுப்பது. லினக்ஸில் யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் மென்பொருள் இதைச் செய்கிறது. கோப்பு முறைமைகள் கழற்றப்பட்டபின், கடைசிக் கட்டத்தில், ‘இத்தனை நொடியில் வெட்டு’ என்ற ஆணையை யூபிஎஸ்ஸுக்கு அனுப்பும். அதன் யூஎஸ்பி டிரைவரில் வெட்டும் தாமதம் இயல்பில் 20 நொடி, திரும்பக் கொடுக்கும் தாமதம் 30 நொடி. இரண்டாவது எண் முதலாவதைவிட எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 20 நொடி ஓடத் தொடங்கும்போது கர்னலின் கருவி வரிசை இன்னும் தொடங்கியிருக்காது. டிஸ்க்குகள் கேஷைக் காலி செய்வது, தட்டுகள் நிற்பது, எஸ்எஸ்டி முடித்துவிட்டேன் என்று சொல்வது எல்லாம் அந்த 20 நொடிக்குள் நடந்தாக வேண்டும். கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அணைகின்றன. ஒரு டிஸ்க் நிற்க 2 நொடி எடுத்தால் 12 டிஸ்க் உள்ள பெட்டிக்கு 24 நொடி. கடைசி இரண்டு டிஸ்க்குகள் ‘டக்’ என்று ஹெட்டை இழுத்துக்கொள்ளும். பேட்டரி தாங்கும் என்றால் வெட்டும் தாமதத்தை 60, திரும்பக் கொடுப்பதை 90 என்று வையுங்கள். வைத்தபின் ஒரு முறையாவது மெயின் சுவிட்சை அணைத்து முழு ஒத்திகை பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் 192ஆம் வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொங்குகிறது என்று கண்டுபிடிப்பது

அணையாமல் தொங்கும் லினக்ஸ் கணினியில் முதல் கேள்வி: ‘பவர் டவுன்’ என்ற வரி திரையில் வந்ததா? வந்தும் விசிறி சுற்றுகிறது என்றால் டிரைவர்கள் எல்லாம் முடித்துவிட்டன, கோளாறு பயாஸ் பக்கம். பயாஸ் புதுப்பிப்பே மருந்து. அந்த வரி வரவில்லை, ஆனால் எல்லாச் சேவைகளும் நின்று கோப்பு முறைமைகள் கழற்றப்பட்டதாகத் தெரிகிறது என்றால் ஏதோ ஒரு டிரைவர் பிடித்துக்கொண்டிருக்கிறது. கர்னல் துவக்க வரியில் ‘இனிட்கால் டீபக்’ என்ற அளவுருவை, இரண்டு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு வைத்து, சேருங்கள். அணைக்கும்போது ஒவ்வொரு கருவியின் பெயரையும் கர்னல் சொல்லிக்கொண்டே போகும். கடைசியாகத் தெரியும் பெயரே முதல் சந்தேகம். அந்தக் கருவியின் டிரைவரை முன்கூட்டியே கழற்றிவிட்டு அணைத்துப் பாருங்கள். சரியாக அணைந்தால் குற்றவாளி உறுதி. அதுவரைகூட வராமல் சேவைகளிலேயே நின்றால், முந்தைய ஓட்டத்தின் ஜர்னலின் (சிஸ்டம்டியின் பதிவேடு) கடைசிப் பக்கத்தில் எந்தச் சேவை 90 நொடியைத் தின்றது என்று எழுதியிருக்கும்.

பவர் பட்டனை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைப்பது இந்த வரிசை முழுவதையும் தாண்டிக்கொண்டு நேராகப் பச்சைக் கம்பிக்குப் போகும் குறுக்குவழி. தொங்கிப்போன கணினியில் வேறு வழியில்லாதபோது, அதற்கு முன் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது மினுக்கிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். அரை நிமிடமாக அசையாமல் இருந்தால் அழுத்துங்கள்.